செவ்வாயில் 800, இங்கே 1,010: இரண்டு கிரகங்களின் வானிலையை ஒப்பிடும் முறை

செவ்வாயில் மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்று, மைனஸ் 20 டிகிரி குளிர், 95 சதவீதம் கரியமில வாயு. மூன்றும் நடப்பில் உள்ள எண்கள்தான். ஆனால் அவற்றைப் பூமியின் எண்களுக்குப் பக்கத்தில் அப்படியே எழுதிவைத்தால், மூன்றிலுமே தப்பான முடிவுக்குத்தான் வந்துசேருவீர்கள். முதலாவது இங்கே மாலை நேரக் காற்று. இரண்டாவது, எண் சொல்லும் அளவுக்கு உடம்பை உறையவைக்காத குளிர். மூன்றாவதோ வெறும் 5 டிகிரி சூடேற்றும் போர்வை. ஏன் என்பது கணக்கில் வரும்.

வேண்டியவை: ஒரு ஸ்பிரெட்ஷீட், அதில் இரண்டு பத்திகள், சயின்டிஃபிக் கால்குலேட்டர். செவ்வாய்ப் பக்கத்துக்கு, அங்கே ஊர்ந்து திரியும் நாசா ஊர்தியான கியூரியாசிட்டி ரோவரின் வானிலைக் கருவித் தரவு போதும். நாசாவின் கிரகத் தரவுக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பூமிப் பக்கத்துக்கு உங்கள் ஊர் வானிலை நிலையத்தின் பதிவு.

முதலில் நாளும் நேரமும்

செவ்வாயின் ஒரு நாள், அதாவது ஒரு சோல், 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. ரோவர் தரவில் தேதி இருக்காது, சோல் எண்தான் இருக்கும். அதை 1.02749 ஆல் பெருக்கி, தரையிறங்கிய நாளோடு கூட்டுங்கள். கியூரியாசிட்டி இறங்கியது 2012 ஆகஸ்ட் 6. சோல் 4000 என்றால் 4,110 நாள். 2023 நவம்பர் 7 வாக்கில் வந்து நிற்கும். பெருக்காமல் 4,000 நாள் என்று எடுத்தால் 110 நாள் பின்தங்கிவிடும். இது சின்னப் பிசகு அல்ல, ஒரு பருவமே மாறிப்போகும்.

நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்ற முயலாதீர்கள். இங்கே பிற்பகல் 2 மணிக்கு அங்கே உள்ளூர் நேரப்படி பிற்பகல் 2 மணியைத்தான் வையுங்கள். அங்கே ஒரு மணி என்பது சோலில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. நம் கணக்கில் கிட்டத்தட்ட 61 நிமிடம் 39 விநாடி.

பருவத்துக்கு மாதப் பெயர் கிடையாது. சூரியனைச் சுற்றிய கோணத்தால் சொல்வார்கள்: 0 டிகிரி வட அரைக்கோள வசந்தத்தின் தொடக்கம், 90 கோடை, 180 இலையுதிர்காலம், 270 குளிர்காலம். நான்கும் சம நீளம் என்று நினைத்துவிட வேண்டாம். வடக்கில் வசந்தம் 194 சோல், இலையுதிர்காலம் 143 சோல்தான். சுற்றுப்பாதை அவ்வளவு நீள்வட்டம். சூரியனுக்கு மிக அருகில் (251 டிகிரியில்) வரும்போது கிடைக்கும் வெயில், மிகத் தொலைவில் (71 டிகிரியில்) கிடைப்பதைவிட 45 சதவீதம் அதிகம். கியூரியாசிட்டி இறங்கிய கேல் பள்ளம் நடுக்கோட்டுக்குத் தெற்கே 4.6 டிகிரியில்தான் இருக்கிறது. அதனால் அங்கே அச்சுச் சாய்வைவிட இந்தத் தூர வித்தியாசமே பருவத்தைத் தீர்மானிக்கிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் யோசித்தால் இது பிடிபடாது.

அழுத்தம்: அதிகம் தடுக்கும் இடம்

செவ்வாய்த் தரவு பாஸ்கலில் வரும். நம் வானிலை அறிக்கை ஹெக்டோபாஸ்கலில். 100 பாஸ்கல் ஒரு ஹெக்டோபாஸ்கல். அலகைப் பார்க்காமல் 800-ஐயும் 1,010-ஐயும் பக்கத்தில் வைத்தால் செவ்வாய் ஏதோ கொடைக்கானல் மாதிரித் தெரியும். உண்மையில் அது 8-க்கு 1,010; ஏறத்தாழ 126 மடங்கு குறைவு.

பூமிப் பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. செல்போன் செயலி காட்டும் அழுத்தம் பெரும்பாலும் கடல்மட்டத்துக்குச் சரிக்கட்டியது. கொடைக்கானலுக்கே 1,012 என்று காட்டும். அங்கே உண்மையில் இருப்பது 800-க்குச் சற்று முன்பின். உங்களுக்கு வேண்டியது நிலைய மட்ட அழுத்தம். செவ்வாயிலோ சரிக்கட்டக் கடலே இல்லை. ரோவர் சொல்வது அது நிற்கும் இடத்து அழுத்தம்.

இடம் மாறினால் எண்ணும் மாறும். செவ்வாயில் ஒரு கி.மீ. ஏறினால் அழுத்தம் சுமார் 9 சதவீதம் குறையும். கியூரியாசிட்டி 2022-க்குள் மலைச்சரிவில் 600 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டது. அதன் பதிவுகளை ஆண்டுவாரியாக வரைந்தால் கோடு இறங்கிக்கொண்டே போகும். வளிமண்டலம் கரைகிறது என்று எழுதிவிடாதீர்கள். வண்டி மலையேறியதில் மட்டும் 5 சதவீதம் போயிருக்கிறது.

பருவத்தாலும் மாறும், அதுவும் பெரிய அளவில். துருவக் குளிர்காலத்தில் காற்றே பனியாக உறைந்து தரையில் படிகிறது. கேல் பள்ளத்தில் ரோவர் இறங்கிய முதல் ஆண்டில், 150 டிகிரிப் பருவத்தில் 730 பாஸ்கல் அளவுக்கு இறங்கி, 250 டிகிரி வாக்கில் 900-ஐத் தாண்டியது. இது போதாதென்று ஒவ்வொரு நாளும் சுமார் 10 சதவீதம் ஏறி இறங்கும். நம் ஊரில் அந்த அலை வெறும் 3 ஹெக்டோபாஸ்கல். செவ்வாய்போல 10 சதவீதம் என்றால் நமக்கு தினமும் 1,010 என்பது 909 ஆக வேண்டும். கடும் புயலின் மையத்தில்தான் அப்படி இறங்கும். ஆகவே ஒற்றை அளவீட்டை எடுக்காதீர்கள். முழு சோலின் சராசரியை எடுங்கள், அருகில் பருவக் கோணத்தையும் எழுதுங்கள்.

அடர்த்தியைக் கணக்கிடுங்கள்

126 மடங்கு என்ற விகிதத்தையே எல்லாவற்றுக்கும் போடுவதுதான் பரவலான தவறு. காற்று தள்ளுவதற்கும் பறப்பதற்கும் வேண்டியது அடர்த்தி. சூத்திரம் இது:

அடர்த்தி = அழுத்தம் × மூலக்கூறு நிறை ÷ (8.314 × வெப்பநிலை)

அழுத்தம் பாஸ்கலில், நிறை ஒரு மோலுக்குக் கிலோகிராமில், வெப்பநிலை கெல்வினில் இருக்க வேண்டும் (செல்சியஸ் + 273). செவ்வாய்: 800 × 0.0433 ÷ (8.314 × 230) = கன மீட்டருக்கு 0.018 கிலோ. கடற்கரை ஊர் ஒன்றில் 30 டிகிரி வெயிலில்: 1,01,000 × 0.029 ÷ (8.314 × 303) = 1.16 கிலோ. விகிதம் 64 தான், 126 இல்லை. கரியமில வாயு கனமானது, அங்கே குளிரும் அதிகம். இரண்டும் சேர்ந்து பாதியை ஈடுகட்டுகின்றன. இதனால் ஒரு வேடிக்கை: செவ்வாயின் அழுத்தம் வேண்டுமானால் பூமியில் 33 கி.மீ. மேலே போக வேண்டும், அதன் அடர்த்தி 30 கி.மீ.யிலேயே கிடைத்துவிடும்.

இப்போது காற்று. தள்ளும் விசை அடர்த்தியோடும் வேகத்தின் வர்க்கத்தோடும் ஏறும். 64-இன் வர்க்கமூலம் 8. செவ்வாய்க் காற்று வேகத்தை 8 ஆல் வகுத்தால் பூமியில் அதே தள்ளுதலைத் தரும் வேகம் கிடைக்கும். மணிக்கு 100 கி.மீ. என்பது 12.5 கி.மீ. ஆகிறது. துணி உலர்த்த நல்லது; ராக்கெட்டைச் சாய்க்காது.

பறப்பதற்கு இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். காற்று 64 மடங்கு மெலிசு, எடையோ 0.38 பங்குதான். 64 × 0.38 = 24; வர்க்கமூலம் ஏறத்தாழ 5. அதே இறக்கை அதே பொருளைத் தூக்க ஐந்து மடங்கு வேகத்தில் சுற்ற வேண்டும். 2021 ஏப்ரல் 19 அன்று ஜெசெரோ பள்ளத்தில் பறந்த 1.8 கிலோ இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரின் 1.2 மீட்டர் விட்டச் சுழலி நிமிடத்துக்கு 2,537 சுற்றுப் போட்டது இதனால்தான். நுனி வேகம் விநாடிக்கு 160 மீட்டர். அதற்கு மேல் தாராளமாக ஏற்றவும் முடியாது. அங்கே ஒலியே விநாடிக்கு 240 மீட்டர்தான் போகும், அதை நெருங்கினால் இழுவை எகிறும். பின்னர் பருவம் மாறிக் காற்று மேலும் மெலிந்தபோது 2,700 சுற்றுக்கு உயர்த்த வேண்டியிருந்தது.

தண்ணீருக்கு மட்டும் அழுத்தமே பேசும். 611 பாஸ்கலுக்குக் கீழே சுத்தமான நீர் திரவமாக நிற்காது: பனி நேரே ஆவியாகும். 800 பாஸ்கலில் 0 டிகிரியில் உருகி 3.8 டிகிரியில் கொதித்துவிடும்.

வெப்பநிலையும் ஈரப்பதமும்

தரவில் இரண்டு வெப்பநிலை இருக்கும்: தரை, 1.6 மீட்டர் உயரக் காற்று. நடுப்பகலில் இரண்டுக்கும் 20 டிகிரி வரை வித்தியாசம் வரும். “செவ்வாயில் இன்று பிளஸ் 5” என்ற செய்தி வந்தால் அது அநேகமாகத் தரை. நம் வானிலை நிலையம் சொல்வது நிழலில் காற்றின் வெப்பநிலை. தார்ச்சாலையின் சூட்டை ஊர் வெப்பநிலை என்று யாரும் சொல்வதில்லையே. காற்றுக்குக் காற்றை வையுங்கள்.

மைனஸ் 20 என்ற எண்ணையும் இமயமலையின் மைனஸ் 20-க்குச் சமமாக்காதீர்கள். இங்கே உடம்புச் சூட்டை அடித்துக்கொண்டு போவது காற்று. அங்கே அதற்குக் காற்றே போதாது. சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான் கசியும். குளிரின் கடுமையை எழுதும்போது அடர்த்தியையும் கூடவே எழுதுங்கள்.

ஒப்பு ஈரப்பதம் என்ற பத்தியை நீக்கிவிடுவதே நல்லது. செவ்வாய் இரவில் அது 70 சதவீதம் காட்டலாம். சென்னை போல இருக்கிறதே என்று தோன்றும். மைனஸ் 80 டிகிரியில் பனிக்கு மேலே நீராவி அதிகபட்சம் தரக்கூடிய அழுத்தம் 0.055 பாஸ்கல், அதில் 70 சதவீதம் 0.038. 30 டிகிரியில் 75 சதவீதம் என்றால் 3,180 பாஸ்கல். எண்பதாயிரம் மடங்குக்கு மேல்.

வாயுக்களில் சதவீதம் வேண்டாம்

சதவீதத்தை மொத்த அழுத்தத்தால் பெருக்கிப் பகுதி அழுத்தமாக மாற்றுங்கள். செவ்வாயில் ஆக்சிஜன் 0.16 சதவீதம்: 1.3 பாஸ்கல். இங்கே 21 சதவீதம்: 21,000. கரியமில வாயு அங்கே 760 பாஸ்கல், இங்கே 42 தான். பதினெட்டு மடங்கு இருந்தும் செவ்வாயின் பசுமைக்குடில் சூடு 5 டிகிரி அளவே, பூமிக்கு 33. அழுத்தம் குறைந்தால் அந்த வாயு வெப்பக் கதிரை உறிஞ்சும் அலைவரிசைகள் குறுகிவிடும். இடைவெளிகளை அடைக்க நீராவியும் இல்லை.

கதிர்வீச்சு

விண்வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சை மேலே நிற்கும் காற்று தடுக்கும். இதற்கு மூன்றாவது விகிதம் வேண்டும்: ஒரு சதுர மீட்டருக்கு மேலே நிற்கும் காற்றின் நிறை. அழுத்தத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் வரும். செவ்வாய் 800 ÷ 3.71 = 216 கிலோ; பூமி 1,01,000 ÷ 9.81 = 10,300. விகிதம் 48. அங்கே ஈர்ப்பு குறைவு, அதே அழுத்தத்துக்கு அதிகக் காற்று நிற்கும். போதாத குறைக்குக் கிரகம் முழுமைக்குமான காந்தப்புலமும் கிடையாது.

கியூரியாசிட்டி முதல் 300 நாளில் அளந்தது தினம் 0.67 மில்லிசீவர்ட் (உடம்பில் கதிர்வீச்சின் பாதிப்பை அளக்கும் அலகு), ஆண்டுக்கு 245. பூமியின் இயற்கைச் சராசரி ஆண்டுக்கு 2.4. நூறு மடங்கு என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்த 2.4-இல் மண்ணும் ரேடான் வாயுவும் தருவதே பெரும்பங்கு. விண்வெளியிலிருந்து வருவதை மட்டும் எடுத்தால் 0.39, அப்போது 600 மடங்குக்கு மேல். எதை எடுத்தீர்கள் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

கடைசியாகக் காலிக் கட்டங்கள். கியூரியாசிட்டியின் காற்று உணரிகளில் ஒன்று தரையிறங்கியபோதே பழுதானது. அதனால் சில திசைகளிலிருந்து வந்த காற்றை ரோவரால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. எனவே காற்றுப் பத்தியில் நிறைய இடைவெளி இருக்கும். ஸ்பிரெட்ஷீட்டில் அவற்றைப் பூஜ்ஜியம் என்று நிரப்பினால் சராசரி சரிந்துவிடும். வெறுமையாகவே விடுங்கள், அந்தச் சராசரி எத்தனை அளவீடுகளிலிருந்து வந்தது என்ற எண்ணையும் அடுத்த பத்தியில் போடுங்கள்.