உறுமுகிற நாயை வீட்டோடு பழக்குவது எப்படி?

செவலை எங்கள் காரைக்குடி வீட்டுக்கு வந்தபோது அதற்கு மூன்று வயது இருக்கும். வெளியூருக்குக் குடிபோன ஒரு குடும்பம் விட்டுச் சென்ற நாட்டு நாய். வந்த நான்காம் நாள் இரவு, அதன் சோற்றுச் சட்டியைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வைக்க என் மகன் கையை நீட்டினான். செவலை மெல்லுவதை நிறுத்தியது. தலை சட்டிக்குள்ளேயே இருக்க, உடம்பு மட்டும் கட்டை மாதிரி விறைத்தது. கண்ணோரத்தில் வெள்ளை பிறையாகத் தெரிந்தது. அதற்கப்புறம்தான் உறுமல் வந்தது. அப்பத்தா விளக்குமாற்றோடு ஓடி வந்தார். "இதைக் கொண்டுபோய் விட்டுட்டு வாடா, புள்ளையக் கடிச்சுப்புடும்!"

கொண்டுபோய் விடவில்லை. இது மூன்றாவது வருடம். தத்தெடுத்த நாய் சீறுகிறதே என்று கலங்கி நிற்பவர்களுக்காக, நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள். 'கிட்ட வராதே, பயமாக இருக்கிறது' என்று சொல்ல அதற்கு இருப்பது அந்த ஒரு குரல்தான். அடித்தால் குரல் போய்விடும், பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கும். அந்த நாய்தான் நிஜமாகவே ஆபத்தானது.

படி 1: கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்

காதில் புண், ஆடுகிற பல், மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் என்று எது இருந்தாலும் நாய் சிடுசிடுக்கும். தலையைத் தடவினால் செவலை ஏன் திரும்பிக் கவ்வ வந்தது என்பது, மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. உள்ளே சீழ். மருந்து விட்டுப் பத்து நாளில் அந்தச் சண்டை தீர்ந்தது. வெறிநோய்த் தடுப்பூசியையும் அன்றே போட்டுவிடுங்கள், பிறகு வருடந்தோறும். நன்றாக இருந்த நாய் திடீரென்று குணம் மாறி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், தள்ளாடி நடந்தால் பழக்கப் பார்க்காதீர்கள். கிட்டே போகாமல் கதவை அடைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

படி 2: ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்

எப்போது, எங்கே, யார் அருகில், அதற்கு முன் என்ன நடந்தது. இவ்வளவு போதும். எங்கள் நோட்டில் 14 நாளில் 11 உறுமல். ஏழு, சட்டிக்குப் பக்கத்தில். மற்ற நான்கும் புது ஆள் வாசலில் நின்றபோது. 'எல்லாரையும் கடிக்க வருகிறது' என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம், கணக்கு வேறு மாதிரி இருந்தது. உறுமலுக்கு முந்தியவற்றையும் கவனியுங்கள்: தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, அப்படியே உறைந்து நிற்பது.

படி 3: அதற்கென்று ஓர் இடம்

எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். முகப்பில் நின்றால் வளவு என்கிற நடுமுற்றப் பகுதி, அதற்குப் பின்னாலுள்ள இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேராகத் தெரியும். முகப்பில் கட்டிப்போட்ட நாய்க்கு நாள் முழுக்கத் தெருவில் போகிறவர்களை நோக்கிக் குரைப்பதே வேலையாகிவிடும். சங்கிலி இழுக்க இழுக்க ஆத்திரம்தான் ஏறும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இன்னொரு தொல்லை. கால் வழுக்கும். விலகி ஓட முடியாது என்று தோன்றினால் நாய் எதிர்த்துத்தான் நிற்கும். அதனால் இரண்டாம் கட்டின் மூலையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் தடித்த சாக்கு விரித்தோம். செவலை சாக்கில் இருந்தால் யாரும் தொடக்கூடாது, எழுப்பக்கூடாது. புது வீட்டில் பதற்றம் அடங்க மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். எங்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆனது.

படி 4: சட்டிப் பயிற்சி

இதைப் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். நாய் நிம்மதியாகச் சாப்பிடும் தூரம் எது என்று முதலில் பாருங்கள். செவலைக்குப் பத்து அடி. அந்தப் பத்தடியில் நின்று, சட்டிப் பக்கமாக ஒரு துண்டு வேகவைத்த கோழியை எறிந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவேன். நிற்கவும் மாட்டேன், பேசவும் மாட்டேன். வேளைக்கு நாலைந்து தடவை. ஒரு வாரம் போனதும் என் காலடிச் சத்தம் கேட்டாலே வாலை ஆட்டியபடி நிமிர்ந்து பார்த்தது. அப்புறம்தான் எட்டு அடி, ஆறு அடி. உடம்பு விறைத்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள். சட்டியருகே போக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

'நான்தான் எஜமான்' என்று காட்டச் சட்டியைப் பிடுங்கிப் பிடுங்கி வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பிடுங்குவார்கள் என்ற அதன் பயத்தை நீங்களே மெய்யாக்குகிறீர்கள். வாயில் எதையாவது கவ்விக்கொண்டிருந்தாலும் இழுக்காமல், அதைவிட ருசியானதைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். கோழித் துண்டில் எலும்பு வேண்டாம், மசாலாவும் வேண்டாம். நம் குழம்பு எதிலும் சின்ன வெங்காயமும் பூண்டும் இருக்கும், இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை.

படி 5: விருந்தாளிகள்

கல்யாணம், முன்னோரைக் கும்பிடும் படைப்பு என்றால் வீடு நிறைய ஆள், வெளியே வெடி. அன்றைக்குப் பயிற்சி வேண்டாம். முதல் ஆள் படியேறும் முன்பே சாக்கு, தண்ணீரோடு உள் அறையில் விட்டுக் கதவைத் தாழிடுங்கள். சாதாரண நாட்களில் ஒரு தெரிந்தவரைத் தெருமுனையில் நிற்கச் சொல்லுங்கள். நாய் அவரைப் பார்த்ததும் கோழித் துண்டு, அவர் மறைந்ததும் நிறுத்தம். குரைக்காத தூரத்தில் தொடங்கி, நாள் கணக்கில் நெருங்கலாம். கம்பிக்கூடு போன்ற வாய்மூடி வாங்குங்கள். அதைப் போட்டபடியே நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும், தண்ணீர் குடிக்கவும் முடியும். ஒரு வாரம் அதற்குள் தீனி வைத்துத் தானாக மூக்கை நுழைக்க விட்டு, பிறகு மாட்டுங்கள்.

கடித்துவிட்டால்

குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் முறையில் முதல் ஊசி அன்றைக்கே, அடுத்தவை அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களில். ஒன்றையும் விடாதீர்கள். காயம் ஆழமென்றால் காயத்திலேயே தனி மருந்தும் போடுவார்கள். நாயைத் துரத்திவிடாமல் 10 நாள் கண்காணிப்பில் வையுங்கள். ரத்தம் வரக் கடித்திருந்தாலோ, குழந்தையைக் குறிவைத்தாலோ வீட்டில் நாமே பழக்குவது போதாது. நாய்களின் நடத்தை தெரிந்த மருத்துவரோ பயிற்சியாளரோ நேரில் பார்க்க வேண்டும். அடித்துப் பழக்குபவராக இருந்தால் அவர் வேண்டாம்.

அப்பத்தா இப்போது இரண்டாம் கட்டுப் பக்கம் போகும்போது இட்லி விள்ளல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்கிறார். தூர நின்று போட்டுவிட்டு, "தின்னுடா" என்று நகர்ந்துவிடுவார். செவலை சாப்பிடும்போது என் மகன் அந்தப் பக்கம் போவதில்லை, இன்றைக்கும்.