காலில் ஊசி, வலி மட்டும் இல்லை: சுகரோடு 17 வருடம் ஓட்டிய தையல்காரியின் கைப்பாடம்

ஒரு நாள் சாயங்காலம் மிஷினை விட்டு எழுந்து உள்ளே போனேன். பின்னாலேயே வந்த என் வீட்டுக்காரர், "ஏம்மா, சாயம் போற துணி ஏதாவது தச்சியா? தரையெல்லாம் சிவப்பாப் பொட்டுப் பொட்டா இருக்கே" என்றார். திரும்பிப் பார்த்தால் அந்தப் பொட்டெல்லாம் நான் நடந்த வழியிலேயே வந்திருந்தது. உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தோம். இடது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, உடைந்த மிஷின் ஊசியின் முனை ஏறியிருந்தது. மதியம் ஊசி உடைந்தபோது ஒரு துண்டுதான் கையில் கிடைத்தது. இன்னொன்றைக் கொஞ்சம் தேடிவிட்டு வேலை அவசரத்தில் விட்டுவிட்டேன். அதைக் காலுக்குள் வைத்துக்கொண்டே நாலு மணி நேரம் பெடல் மிதித்திருக்கிறேன்.

துளி வலியில்லை. எனக்கு அப்போது அது நிம்மதியாகக்கூட இருந்தது. டாக்டர் முகத்தைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. அந்தச் சின்னப் புண் ஆற ஏழு வாரம் ஆனது. அதற்கப்புறம் கேட்டும் படித்தும் பட்டும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாத்திரை அளவு, ஊசி அளவு பற்றி எதுவும் சொல்லமாட்டேன். அது உங்களுக்கும் உங்கள் டாக்டருக்கும் நடுவில்.

இது எங்கிருந்து வருகிறது

நீரிழிவு என்ற பெயரைப் பாருங்கள். இழிதல் என்றால் கீழே வழிதல். கிரேக்கர்கள் வைத்த 'டயாபடீஸ்' என்ற பெயருக்கும் ஏறக்குறைய அதே பொருள்: உள்ளே போனது தங்காமல் கடந்து போவது. நம் பழைய வைத்தியர்கள் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைப் பார்த்து மதுமேகம் என்றார்கள். 1776-ல் மேத்யூ டாப்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, மிஞ்சியது சர்க்கரைதான் என்று காட்டினார். 1889-ல் மின்கோவ்ஸ்கி, மெரிங் என்ற இரண்டு பேர் ஒரு நாயின் கணையத்தை எடுத்ததும் அதற்குச் சுகர் வந்துவிட்டது. கோளாறு எந்த உறுப்பில் என்று அப்போதுதான் பிடிபட்டது. 1922 ஜனவரியில் டொரான்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். சாகக் கிடந்தவன் இன்னும் 13 வருடம் இருந்தான். எனக்கு இன்சுலின் எழுதிக்கொடுத்த அன்று அழுதேன். இந்தப் பையன் கதையைப் படித்த பிறகு அழவில்லை.

அந்தப் பையனுக்கு இருந்தது முதல் வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடும். இன்சுலின் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. எனக்கு இருப்பது, பெரும்பாலோருக்கு இருப்பது, இரண்டாம் வகை. என் தொழில் பாஷையில் சொன்னால்: மெல்லிய துணி தைக்கிற சின்ன மோட்டாரில் தினம் தினம் நாலு மடிப்பு ஜீன்ஸைக் கொடுத்தால் என்ன ஆகும்? கொஞ்ச நாள் முக்கி முனகி தைத்துக் கொடுக்கும். வெளியே பார்த்தால் தையல் சரியாகவே இருக்கும். உள்ளே மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறிக்கொண்டிருக்கும். கணையம்தான் அந்த மோட்டார். தசையும் ஈரலும் இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் போவதுதான் அந்தத் தடித்த துணி. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு, உடலுழைப்புக் குறைவு, நீண்ட நாள் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் துணியைத் தடிக்கவைக்கும். மோட்டார் எவ்வளவு தாங்கும் என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு. என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் இருந்தது. "இனிப்பா தின்னு தீர்த்தே, அதான்" என்று சொல்லும் உறவினர்களுக்கு நான் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். வெறும் வயிற்றில் 126, அல்லது மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி 6.5 வந்தாலே அது சர்க்கரை நோய். ஆனால் ரத்தத்தில் ஏறக்குறைய 180 தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். தாகமும் அடிக்கடி எழுந்து போவதும் அதற்கப்புறம்தான். 126-க்கும் 180-க்கும் நடுவில் வருடக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கலாம். இரண்டாம் வகை கண்டுபிடிக்கப்படும் நேரத்திலேயே பீட்டா செல்களின் திறனில் பாதிபோல் போயிருக்கும் என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அதனால் "இப்பத்தானே வந்திருக்கு, காலைப் பிறகு பார்த்துக்கலாம்" என்பது கணக்குத் தப்பு.

கால்

அதிக சர்க்கரை நுண்ணிய ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. நரம்புகளில் நீளமானது முதலில் போகும். முதுகிலிருந்து கால்விரல் வரை ஓடுவதுதான் நீளம். அதனால் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் ஏறுவது போல மரமரப்பு மேலே ஏறும். சிலருக்கு எரிச்சல், எறும்பு ஊர்வது, ராத்திரி போர்வை பட்டாலே சுருக்கென்று குத்துவது என்று வரும். அதற்கு மருந்து உண்டு, பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுபவர்கள் பி12 அளவையும் ஒரு முறை பாருங்கள். அது குறைந்தாலும் இதே மரமரப்பு வரும்.

சோதனை எளிது. வளையும் நைலான் இழை ஒன்றை, 10 கிராம் அழுத்தம் தருவதை, உள்ளங்காலில் அங்கங்கே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு "தெரியுதா?" என்று கேட்பார்கள். என் காலில் வைத்தபோது, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டிருந்தார்கள்.

இப்போது தினமும் ராத்திரி படுக்குமுன் பத்து நிமிடம் இதற்கென்றே. மிஷின் விளக்கைத் திருப்பிக் காலில் அடிக்கவிட்டு, கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பேன். கண்ணாடியில் சரியாகத் தெரியாத அன்று வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்வேன். விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்க வேண்டும். பூஞ்சை அங்கேதான் ஆரம்பிக்கும். குதிகால் வெடிப்பு, கொப்புளம், நிறம் மாறின இடம் இதெல்லாம் தேடுங்கள். தடித்த காய்ப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதற்கு அடியில் புண் ஒளிந்திருக்கும். அப்புறம் புறங்கையால் இரண்டு காலையும் தொட்டு ஒப்பிடுவேன். ஒரு கால் மட்டும் சூடாக, வீங்கி, சிவந்து, ஆனால் வலியே இல்லாமல் இருந்தால் உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். சார்கோ கால் என்பார்கள். அதோடு நடக்கக் கூடாது, உடனே காட்ட வேண்டும். இரண்டு காலுக்கும் 2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தாலே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

கழுவும் தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். துடைத்தபின் கிரீம் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். காய்ப்பைப் பிளேடால் சீவுவது, கால் ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பட்டை, வெந்நீர்ப் பை மூன்றும் கூடவே கூடாது. அந்தப் பட்டையில் இருப்பது அமிலம், நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். சாக்ஸ் வெள்ளையாக வாங்குங்கள், கசிவு இருந்தால் கறை காட்டிக்கொடுக்கும்.

செருப்பு, ஷூ வாங்க என் வழி இது. சாயங்காலம், கால் லேசாக உப்பியிருக்கும் நேரத்தில், ஒரு காகிதத்தில் நின்று பென்சிலால் காலைச் சுற்றி வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். கடையில் அந்தக் காகிதத்தை ஷூவுக்குள் விடுங்கள். ஓரம் மடங்கினால் அது உங்கள் ஷூ இல்லை. மரத்துப்போன காலுக்கு இறுக்கம் தெரியாது, "கச்சிதமா இருக்கு" என்று அது சொல்வதை நம்ப முடியாது. போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயும் வெறுங்கால் வேண்டாம்.

புண் வந்துவிட்டால்: சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே காட்டுங்கள். சிவப்பு பரவினாலோ, நாற்றம், கறுப்பு, காய்ச்சல் வந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் இருப்பது மருந்தைவிடக் கஷ்டமான வேலை: அந்தக் காலில் பாரம் போடாமல் இருப்பது. நாலாவது வாரத்தில் "ஒரே ஒரு சட்டைதானே" என்று உட்கார்ந்தேன். மூடிவந்த புண் மறுபடி வாயைத் திறந்தது. ஏழு வாரத்தில் மூன்று வாரம் அந்தச் சட்டைக்குக் கொடுத்த கூலி.

கண்

ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனபோது வயசு என்றுதான் நினைத்தேன். கண்ணாடி மாற்றினேன், இரண்டு மாதத்தில் அதுவும் சரியில்லை, இன்னொன்று. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்சும் உப்பி வடியும், பார்வை மாறிக்கொண்டே இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து சில வாரம் ஆனபிறகு கண்ணாடி போடுங்கள், காசு மிச்சம்.

ஆனால் விழித்திரையில் கசிவு இருக்கும்போது பார்வை கடைசிவரை தெளிவாகவே இருக்கலாம். அதனால் எழுத்துப் பலகை படித்துக்காட்டுவது போதாது. சொட்டுமருந்து விட்டுக் கண்மணியை விரித்து உள்ளே பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்குக் கண்டுபிடித்த அன்றிலிருந்தே, முதல் வகைக்கு ஐந்து வருடத்துக்குள், பிறகு பொதுவாக வருடம் ஒரு முறை. எனக்கு லேசர் போட்டார்கள்; நடுப்பகுதி வீங்கினால் கண்ணுக்குள் ஊசி. கேட்க பயங்கரம், நடப்பது சில நிமிடம். ஒரு நாள் துணிமேல் கறுப்பு நூல் கிடக்கிறதென்று தட்டித் தட்டிப் பார்த்தேன். போகவில்லை, சுவரைப் பார்த்தால் சுவரிலும் இருந்தது. கண்ணுக்குள் கசிந்த ரத்தம் அது. இப்படித் திடீரென்று நூல், புள்ளி, திரை ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே ஓடுங்கள்.

சிறுநீரகமும் இதயமும்

சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம், ரத்தத்தில் கிரியாட்டினின்: இந்த இரண்டு சோதனையை வருடம் ஒரு முறை கேட்டு வாங்குங்கள். அல்புமின் என்பது ஒரு புரதம். விகிதம் 30-க்கு மேலே போனால் சிறுநீரகத்தின் வடிகட்டி கசிகிறது என்று பொருள். அந்தக் கட்டத்தில் ரத்த அழுத்தத்தை இறக்கினால், சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகளைத் தொடங்கினால் நிறைய காப்பாற்றலாம். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் என்று கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதை நிறுத்துங்கள். நாள் முழுக்கக் குனிந்து தைக்கிற எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

காலில் நடந்தது நெஞ்சிலும் நடக்கும். சுகர் உள்ளவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம். காரணமில்லாமல் மூச்சு வாங்கினால், குப்பென்று வேர்த்தால், தாங்கமுடியாத அசதி வந்தால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள்.

சர்க்கரை தாழ்ந்தால்

70-க்குக் கீழே தாழ்நிலை. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது வரும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் நீளும். கை நடுக்கம், படபடப்பு, வேர்வை, திடீர்க் கோபம். என் வீட்டுக்காரர் கண்டுபிடிக்கும் அடையாளம் வேறு: சட்டையின் வலது கையை இடது பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு" என்று அவரோடு சண்டைக்குப் போவேன். அவர் பதில் பேசாமல் குளுக்கோஸ் டப்பாவை எடுத்து வருவார்.

15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, இல்லாவிட்டால் அரை டம்ளர் பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு வேகத்தைக் குறைக்கும். அகார்போஸ் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சட்டென்று ஏறாது, குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து உதவிக்குக் கூப்பிடுங்கள். இதை நீங்கள் தெரிந்துகொண்டால் போதாது, வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

என் மேஜைக் காலில் இப்போது ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் கயிற்றில் தொங்குகிறது. வேலை முடிந்ததும் அதைத் தரையில் இழுத்துக்கொண்டே மிஷினைச் சுற்றி வருவேன். குண்டூசி எண்ணிக்கையை நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்: காலையில் 50, ராத்திரி 50. நேற்று 49 இருந்தது. விளக்கைத் தரைக்கு இறக்கி, வீட்டுக்காரரும் நானும் குனிந்து தேடி, பாபின் டப்பாவுக்குள் கண்டுபிடித்தபோது மணி பதினொன்றாகியிருந்தது. அதற்கப்புறம்தான் காலைப் பார்க்க உட்கார்ந்தேன்.