ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம், நம்ம ஊர் அடுப்பங்கரைக்கு ஏற்ற மாதிரி

மதுரையில் என் லாத்தாவுக்கு (அக்காவுக்கு) உடல் எடை குறைக்கிற ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டு, டயட் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஓட்ஸ், பனீர், ப்ரோக்கோலி. கீழக்கரைக்குத் திரும்புகிற வழியெல்லாம் லாத்தா ஒரே கேள்விதான் கேட்டது: "எடையைக் குறைக்கத்தானே ஆபரேஷன், அதுக்கு முன்னாடி நானே குறைக்கணும்னா ஆபரேஷன் எதுக்கு?"

நியாயமான கேள்வி. பதில் ஈரலில் இருக்கிறது. பருமனான உடம்பில் ஈரலிலும் கொழுப்பு ஏறி அது வீங்கியிருக்கும், அதன் இடது பக்கம் இரைப்பையின் மேல் போர்வை மாதிரி கிடக்கும். லேப்ராஸ்கோப்பியில் சின்னத் துளை வழியாக வேலை செய்கிற டாக்டர் அந்த ஈரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பைக்குப் போக முடியும். ஈரல் பெரிதாக இருந்தால் ரத்தக் கசிவு, வயிற்றைத் திறந்தே செய்ய வேண்டிய நிலை, சில சமயம் ஆபரேஷனையே பாதியில் நிறுத்துவது வரை போகும். மாவுச்சத்தைக் குறைத்தால் ஈரல் சேர்த்து வைத்திருக்கிற கிளைகோஜன் என்கிற சர்க்கரைச் சேமிப்பு கரையும், ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருப்பதால் அதுவும் போகும், கொழுப்பும் குறையும். இரண்டு வாரத்திலேயே ஈரல் சுருங்கத் தொடங்கிவிடும். ஆகவே எடை மெஷினைத் தினமும் ஏறிப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். குறி ஈரல்தான்.

பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம், ஒரு நாளைக்கு 800 முதல் 1200 கலோரிக்குள், புரதம் 60 முதல் 80 கிராம் என்று சொல்வார்கள். சில இடங்களில் வெறும் புரோட்டீன் பவுடரைக் கலக்கிக் குடிக்கச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் சொன்னதுதான் உங்களுக்குக் கணக்கு, நான் சொல்வது அதை நம் சட்டிக்கு எப்படி இறக்குவது என்பது மட்டும்.

பனீருக்கு நாம் ஏன் அலைய வேண்டும்? வாசலுக்கு மீன் வருகிற ஊர் இது. பாறை, விளை மீன், நகரை எதுவானாலும் 100 கிராம் சதையில் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். காலையில் இரண்டு அவித்த முட்டை (12 கிராம்), மதியம் 150 கிராம் மீன், ராத்திரி 100 கிராம் மீன், நடுவில் ஒரு கப் தயிர். கணக்கு முடிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் விலை எகிறும். உங்கள் தேதி அதற்குள் வந்தால் முட்டை வெள்ளைக்கரு, தோலுரித்த கோழி, அவித்த பச்சைப்பயறு என்று மாற்றிக்கொள்ளுங்கள். கருவாட்டைக் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள், பிரஷர் உள்ளவர்களுக்கு அந்த உப்பு ஆகாது.

சிக்கல் மீனில் இல்லை, ஆணத்தில், அதாவது குழம்பில் இருக்கிறது. தேங்காய்ப்பால் ஊற்றி, எண்ணெய் மிதக்க மிதக்க இறக்கினால்தான் எங்கள் வீட்டில் அது ஆணம். உம்மாவிடம் தேங்காயை விடச் சொன்னபோது "அப்போ தண்ணியில மீனைக் கழுவிக் குடு" என்றது. கடைசியில் ஒத்துவந்தது இதுதான்: ஒரு டீஸ்பூன் எண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, நம்ம ஊர் குண்டு மிளகாயில் இரண்டு, தக்காளி, கொஞ்சம் புளி. கொதித்த பிறகு மீனைப் போட்டு, மூடி, அடுப்பைத் தணித்துப் பத்து நிமிஷம். குழம்பு தண்ணியாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மிளகாய் வாசனை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சோற்றுக்குப் பதிலாகத் தட்டில் பாதிக்கு முருங்கைக்கீரை, சுரைக்காய், பீர்க்கங்காய், முட்டைக்கோஸ் என்று வையுங்கள்.

சோறு, இடியப்பம், ஆப்பம், புரோட்டா எதுவும் இந்த இரண்டு வாரத்துக்கு வேண்டாம், அல்லது தாளில் எழுதியிருக்கிற சின்ன அளவோடு சரி. சிவப்பு அரிசி நல்லதுதானே என்று ஒருத்தராவது வந்து சொல்வார்கள். சித்திரைக்காராக இருந்தாலும் சோறு சோறுதான். பதநீர், நன்னாரி சர்பத், சீனி போட்ட டீயும் அதே கணக்கு. சஹன் என்கிற கூட்டுத் தட்டில் உட்காரவே உட்காராதீர்கள். நாலு பேர் ஒரே தட்டில் கை போடும்போது நீங்கள் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று யாருக்குத் தெரியும்? நோன்பு மாதத்திலோ வீட்டில் கல்யாணம் இருக்கும்போதோ தேதி விழுந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்பே மருந்தளவைக் கேட்டு மாற்ற வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு லாத்தாவுக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. சுகர் மெஷினில் 58தான். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. போன் செய்தால் டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை என்றால் அது வேறு ஆபத்து, மாவுச்சத்தைக் குறைக்கும்போது ரத்தத்தில் அமிலம் ஏறலாம், எப்போது நிறுத்துவது என்று கட்டாயம் கேளுங்கள்.

முதல் மூன்று நாள் தலைவலி, எரிச்சல், யாரைப் பார்த்தாலும் கோபம். அப்புறம் பசி அடங்கிவிடும். நம்ம வெயிலுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும் (கிட்னி, இதயக் கோளாறு உள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்). இல்லையென்றால் மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் கழித்துக் குடிக்க இப்போதே பழகுங்கள், நன்றாக மென்று மெதுவாகச் சாப்பிடவும்தான், ஆபரேஷனுக்குப் பிறகு வேறு வழி இருக்காது. சிகரெட், புகையிலை எல்லாம் இரண்டு வாரம் போதாது, குறைந்தது ஆறு வாரம் முன்பே விட்டிருக்க வேண்டும்.

கடைசி வாரத்தில் சொந்தக்காரர்கள் வருவார்கள். இனிமேல் சாப்பிட முடியாதே என்று தொதல், வட்டிலப்பம் என்று இனிப்புகள் டப்பா டப்பாவாக வரும். எங்கள் மாமி கொண்டுவந்ததை லாத்தா கண் முன்னாலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், மாமிக்கு வருத்தம்தான். ஒரு நாள் விருந்து போதும், காலியான கிளைகோஜன் திரும்ப நிரம்பிவிடும்.

முந்தின நாள் பெரும்பாலும் தெளிவான திரவம் மட்டும்தான். வடிகட்டிய ரசம், பால் சேர்க்காத டீ. மாத்திரைச் சீட்டையும் சுகர் எழுதிய நோட்டையும் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்குப் போகிற வழியில் பரமக்குடியில் வண்டி நிற்கும்போது கூட வந்தவர் பாசத்தோடு டீ வாங்கி நீட்டுவார், பால் டீ அந்தக் கணக்கில் வராது, அவரையே குடிக்கச் சொல்லிவிடுங்கள்.