அமெரிக்காவில் இன்சூரன்ஸ் எடுக்கும்முன்: வேலூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு

பதினொரு வருடம் அங்கே இருந்துவிட்டு இப்போது காட்பாடியில் குடியிருக்கிறேன். ஆகஸ்டு மாதமும் ஜனவரி மாதமும் நெருங்கினால் போதும், எங்கள் தெருவிலிருந்தோ குடியாத்தம், ஆம்பூர் பக்கத்திலிருந்தோ யாராவது ஒரு பிள்ளை கையில் விசாவோடு வந்து, "அண்ணே, எந்த இன்சூரன்ஸ் எடுக்கலாம்?" என்று கேட்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதில் ஏதாவது விட்டுப்போகிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

போனதும் நீங்கள் ஆபீஸில் இருக்கும் நம்மூர்க்காரரைத்தான் கேட்பீர்கள். அவரும் "நல்லாத்தான் இருக்கு, தைரியமா எடு" என்பார். பொய் சொல்லவில்லை அவர், ஆனால் பெரும்பாலும் அந்த இன்சூரன்ஸ் கார்டைப் பர்ஸிலிருந்து வெளியே எடுத்தே இருக்க மாட்டார். அங்கே கே.எஃப்.எஃப். என்றொரு அமைப்பு 2023-ல் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களில் 81 சதவீதம் பேர் தங்களுடையது நன்றாக, அல்லது மிக நன்றாக இருக்கிறது என்றார்கள். அதே ஆட்களில் 58 சதவீதம் பேர், கடந்த ஒரு வருடத்தில் அதைப் பயன்படுத்தப்போய் ஏதாவது ஒரு சிக்கலில் மாட்டியதாகவும் சொன்னார்கள். உடம்பு நன்றாக இருப்பவர்களில் 84 சதவீதம் பேருக்குத் திருப்தி, உடம்பு சுமார் அல்லது மோசம் என்றவர்களில் 68 சதவீதம் பேருக்குத்தான். எனவே பிரசவம் பார்த்தவர், ஆபரேஷன் செய்துகொண்டவர், ஆஸ்துமா குழந்தை உள்ளவர், இப்படிப்பட்ட ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "அந்த வருஷம் மொத்தமா உங்க கையிலிருந்து எவ்வளவு போச்சு?" என்று கேளுங்கள்.

நமக்கு இது ஏன் குழப்புகிறது என்றால், நாம் வளர்ந்த ஊரின் பழக்கம் அப்படி. சி.எம்.சி.யில் விடியற்காலையில் வரிசையில் நின்று, பணம் கட்டி, சீட்டு வாங்கி, அப்புறம்தான் டாக்டர். ஸ்கேனுக்கு எவ்வளவு என்று கவுன்டரிலேயே தெரிந்துவிடும், கட்ட முடியாவிட்டால் அங்கேயே யோசித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் வைத்தியம் முதலில், பில் பல வாரம் கழித்துத் தபாலில். அதுவும் ஒன்றாக வராது, ஆஸ்பத்திரிக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று என்று வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். சம்பளத்தில் பிடிக்கும் பிரீமியத்தை மட்டும் பார்த்து நம் ஆட்கள் பிளானைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பெரிய தவறு அதுதான். டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தர ஆரம்பிக்குமுன் நீங்களே கட்டும் தொகை), கோஇன்சூரன்ஸ் (அதற்கு மேல் வரும் பில்லில் உங்கள் சதவீதப் பங்கு), அவுட் ஆஃப் பாக்கெட் மேக்சிமம் (வருடத்தில் உங்கள் கையிலிருந்து போகும் உச்சவரம்பு) ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். டிடக்டிபிள் 2,000 டாலர், அதற்கு மேல் உங்கள் பங்கு 20 சதவீதம், உச்சவரம்பு 6,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 12,000 டாலர் பில் வந்தால் முதல் 2,000 உங்களுடையது, மீதி 10,000-ல் இன்னொரு 2,000 உங்களுடையது, ஆக 4,000. பில் 60,000 என்றால் இதே கணக்கில் 13,600 வரும், ஆனால் 6,000-த்தோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடும். ராத்திரி தூக்கம் வர வைப்பது அந்த 6,000 என்கிற எண்தான், அதை முதலில் பாருங்கள். ஆனால் இந்த வரம்பு நெட்வொர்க்குக்குள், அதாவது உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருக்கும் டாக்டர்கள், ஆஸ்பத்திரிகளுக்குத்தான். வெளியே போனால் தனி வரம்பு, சில பிளான்களில் வரம்பே கிடையாது, சிலவற்றில் ஒரு காசுகூடத் தரமாட்டார்கள்.

2018-ல் என் பையன் விளையாடும்போது விழுந்து நெற்றி கிழிந்துவிட்டது. நெட்வொர்க் ஆஸ்பத்திரியா என்று பதற்றத்திலும் சரிபார்த்துத்தான் போனோம். நான்கு தையல். தையல் போட்ட டாக்டர் மட்டும் நெட்வொர்க்கில் இல்லையாம், அவர் பெயரில் தனியாக ஒரு பில் வந்தது, மாதக்கணக்கில் போன் போட்டும் குறையவில்லை, கட்டினேன். நமக்கு யார் வைத்தியம் பார்ப்பது என்று நாமா தேர்ந்தெடுத்தோம்? இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. நல்லவேளையாக 2022 ஜனவரியிலிருந்து நோ சர்ப்ரைசஸ் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எமர்ஜென்சியிலும், நெட்வொர்க் ஆஸ்பத்திரிக்குள் நமக்குத் தெரியாமல் வந்து பார்க்கும் பெரும்பாலான டாக்டர்கள் விஷயத்திலும் இப்படி பில் போட முடியாது. ரோட்டில் ஓடும் ஆம்புலன்ஸுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத காயம், காய்ச்சல் என்றால் ஈ.ஆர். எனும் ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வேண்டாம், அர்ஜென்ட் கேர் எனும் சின்ன கிளினிக் போதும், செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பில் வந்தவுடன் பயந்து கட்டிவிடாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஈ.ஓ.பி. என்ற தாள் வரும், அது பில் இல்லை, அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று இருக்கும். இரண்டும் பொருந்திய பிறகு கட்டுங்கள். பொருந்தவில்லையென்றால் ஒவ்வொரு செலவையும் பிரித்துக் காட்டும் பில்லைக் கேளுங்கள். இன்சூரன்ஸ் மறுத்துவிட்டால் 180 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். நம்மவர்கள் "எதுக்கு வம்பு" என்று விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள்.

வருடாந்திர செக்கப் இலவசம்தான், 2010-ல் வந்த சட்டத்தின்படி. ஆனால் அங்கே உட்கார்ந்து "முட்டி வலிக்குது டாக்டர்" என்று புதிதாக ஒன்றை ஆரம்பித்தால் அதைத் தனி விசிட்டாகப் போட்டுவிடலாம். பல்லும் கண்ணும் பெரும்பாலும் தனி இன்சூரன்ஸ். பல் வேலை பாக்கியிருந்தால் வேலூரிலேயே முடித்துவிட்டு, கண்ணாடி இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

குழந்தை பிறந்தால் ஆபீஸ் பிளானில் சேர்க்க 30 நாள்தான் கெடு என்பது வழக்கம், தூக்கமில்லாத அந்த மாதத்தில் மறந்துபோகும், இப்போதே குறித்துவையுங்கள். வேலை போனால் கோப்ரா என்று அதே பிளானைப் பொதுவாக 18 மாதம் தொடரலாம், முடிவெடுக்க 60 நாள் உண்டு. ஆனால் கம்பெனி கட்டிய பங்கையும் நீங்களே கட்ட வேண்டும். 2024-ல் ஆபீஸ் குடும்ப பிளானின் சராசரி ஆண்டு பிரீமியம் 25,572 டாலர், ஊழியர் அதில் கட்டியது 6,296 மட்டும். மீதி எவ்வளவு என்று அப்போதுதான் உறைக்கும்.

பேரப்பிள்ளையைப் பார்க்க அம்மா அப்பாவை அழைப்பீர்கள். விசிட்டர் இன்சூரன்ஸில் விலை மலிவாக இருப்பது பெரும்பாலும் ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு சின்னத் தொகையோடு கையை விரித்துவிடும் வகை, அதை எடுக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள சுகர், பிரஷருக்கு வழக்கமான வைத்தியச் செலவைப் பெரும்பாலான பிளான்கள் தரமாட்டா. அவர்கள் கிளம்புமுன் இங்கே பார்க்கும் டாக்டரிடமே முழுச் செக்கப் செய்து, தங்கும் நாட்களுக்கான மாத்திரையையும் மருந்துச் சீட்டையும் கைப்பையில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

போய் இறங்கிய முதல் வாரத்திலேயே கார்டின் பின்பக்க நம்பருக்குப் போன் செய்து, நெட்வொர்க்கில் புதுப் பேஷண்டை எடுத்துக்கொள்ளும் பிரைமரி டாக்டர் (எதற்கும் முதலில் போய்ப் பார்க்கும் பொது டாக்டர்) யார் என்று கேட்டு, உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள். முதல் தேதி கிடைக்கவே சில வாரம் ஆகும்.