மாங்கனின் கம்பியில் 10 ஓம் மின்தடையம் செய்வது எப்படி?

தாமிரக் கம்பி சூடேறினால் அதன் மின்தடை டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 30 டிகிரி செல்சியஸ் ஏறினால் 10 ஓம், 11 ஓமைத் தாண்டிவிடும். அளவுக்கருவிக்குள் அதை எப்படி நம்பி வைப்பது? மின்பொறியாளர் எட்வர்ட் வெஸ்டன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய மாங்கனின் என்ற உலோகக்கலவை இங்கேதான் கைகொடுக்கிறது. அதில் தாமிரம் சுமார் 84, மாங்கனீசு 12, நிக்கல் 4 சதவீதம். வெவ்வேறு அணுக்கள் கலந்து கிடப்பதே எலக்ட்ரான்களை ஏற்கெனவே சிதறடிப்பதால், வெப்பம் கூட்டும் தடை சொற்பம்.

படி 1: கம்பியைத் தேர்ந்தெடுங்கள்

ஹீட்டர்களில் வரும் நிக்ரோம் வேண்டாம். வெப்பத்தால் அதன் மின்தடை மாறுவது மாங்கனினைவிடப் பல மடங்கு. தாமிரமும் நிக்கலும் கலந்த கான்ஸ்டன்டன் நிலையானதுதான். ஆனால் தாமிரத்தோடு சேரும் முனைகள் இரண்டும் வெவ்வேறு வெப்பநிலையில் இருந்தால், டிகிரிக்கு ஏறக்குறைய 40 மைக்ரோவோல்ட் தானாகவே உண்டாகும். வெப்பநிலையை அளக்கும் வெப்ப இரட்டைகளில் அதைப் பயன்படுத்துவதே இதற்காகத்தான். நேர்மின்னோட்டத்தில் நுட்பமாக அளப்பவருக்கு அது பெரும் தொல்லை. மாங்கனினில் இது சில மைக்ரோவோல்ட் மட்டுமே. என் தேர்வு மாங்கனின்தான்.

படி 2: நீளத்தைக் கணக்கிடுங்கள்

எனாமல் பூசிய 0.5 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 0.196 ச.மி.மீ. ஒரு ச.மி.மீ. பரப்புள்ள மாங்கனின், மீட்டருக்குச் சுமார் 0.45 ஓம் தரும். 0.45-ஐ 0.196-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 2.3 ஓம். 10 ஓமுக்கு 4.35 மீட்டர் தேவை, 4.5 மீட்டராக வெட்டுங்கள்.

படி 3: சுற்றுங்கள்

கம்பியை நடுவில் மடித்து, மடிப்பிலிருந்து தொடங்கி இரு இழைகளையும் சேர்த்தே பீங்கான் குழாயில் சுற்றுங்கள். எதிரெதிர்த் திசையில் ஓடும் மின்னோட்டங்களின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடும். இழுத்துச் சுற்றாதீர்கள். வளைவிலும் இழுப்பிலும் கம்பிக்குள் தங்கும் தகைவு (உள் இறுக்கம்), நாளடைவில் தளர்ந்து மின்தடையை நகர்த்தும். எனாமல் தாங்குமானால் 140 டிகிரியில் பல மணி நேரம் வைத்து ஆறவிடுவது நல்லது.

படி 4: அளந்து வெட்டுங்கள்

மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் அளவைக் குறித்துக்கொண்டு கழியுங்கள். 1 செ.மீ. வெட்டினால் 0.02 ஓம் குறையும். பொறுமையாகக் குறையுங்கள், வெட்டியது திரும்பாது.

படி 5: சோதியுங்கள்

0.1 மி.மீ. தாமிரக் கம்பி 4.5 மீட்டரும் ஏறக்குறைய 10 ஓம்தான். இரண்டின் மீதும் முடி உலர்த்தியின் சூடான காற்றைப் படவிடுங்கள். தாமிரத்தின் எண் விறுவிறுவென ஏறும். மாங்கனினில் கடைசி இலக்கம் அசைந்தாலே அதிகம்.

மாங்கனினின் இந்த நிலைத்தன்மை அறை வெப்பநிலையை ஒட்டியே சிறப்பாக இருக்கும். 1 ஆம்பியர் செலுத்தினால் 10 வாட் வெப்பம் எழும், 0.1 ஆம்பியருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.