சாக்கெட்டுக்குப் பின்னால் இரண்டு அங்குல ஒயர்

போன மாதம் கோவை பீளமேட்டில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டின் திருகுகளைக் கழற்றி முன்னால் இழுத்தேன். பின்பக்கம் நியூட்ரல் முனையிலிருந்து மேலே உள்ள எர்த் முனைக்கு, இரண்டு அங்குல நீளத்தில் ஒரு கறுப்பு ஒயர் துண்டு. முனை சீவி, கம்பியை முறுக்கி, திருகை நன்றாக இறுக்கி, நேர்த்தியாகவே போட்டிருந்தது.

"யாரு போட்டதுங்க இது?" என்றேன்.

அந்த வீட்டுப் பையன் முன்னால் வந்தான். காலேஜில் மூன்றாம் வருடம் படிக்கிறான். "நான்தாங்ணா. ஃப்ரிட்ஜைத் தொட்டா லேசா ஷாக் அடிச்சுட்டே இருந்துச்சு. யூடியூப் பார்த்துப் போட்டேன். இப்பச் சுத்தமா இல்லீங்ணா."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இதே துண்டை, இதே இடத்தில், இதே காரணத்துக்காக 1997-ல் நான் என் கையாலேயே போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன், கழற்றிவிட்டேன். இப்போதும் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே, செருப்புப் போட்டு நில் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை எழுதப் போவதில்லை. வேலை சரியாக முடிந்த மாதிரியே காட்டி, மாதக்கணக்கில் சும்மா கிடந்து, ஒரு நாள் ஆளைத் தூக்கும் தவறுகளைப் பற்றித்தான் இது.

நியூட்ரலை எடுத்து எர்த்தில் கொடுப்பது

1997-ல் நான் வேலை பழகிக்கொண்டிருந்தேன். சூலூர் பக்கம் ஒரு ஓட்டு வீடு. பேட்டன் கட்டையில் அடித்த பழைய ஒயரிங், ஃபேஸும் நியூட்ரலும் மட்டும்தான். எர்த்துக்கான பச்சை ஒயர் என்று ஒன்று அந்த வீட்டிலேயே கிடையாது. அந்த அம்மா, "ஏங்கண்ணு, கிரைண்டரத் தொட்டா சுருக்குனு இழுக்குது, பாரு" என்றார். எங்கள் ஊரில் கிரைண்டர் இல்லாத சமையலறை ஏது? சாக்கெட்டைத் திறந்தேன், எர்த் முனை வெறுமையாக இருந்தது. பெரியவர்கள் செய்து பார்த்திருந்தபடி நியூட்ரலில் இருந்து ஒரு சின்ன லூப் போட்டேன். கிரைண்டரைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. "எர்த் பக்காவா இருக்குதுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தேன்.

நாலு மாதம் கழித்து, ஐப்பசி மழை. சாயங்காலம் அந்த அம்மா மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது கிரைண்டர் நின்றது, லைட்டும் அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, சுவிட்சை அணைக்காமல், சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று, மாவை வழிக்கக் கையை உள்ளே விட்டிருக்கிறார். கை ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் ஓடிப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியதால் உயிர் பிழைத்தார். உள்ளங்கை குறுக்கே வெந்துபோயிருந்தது. அதன் பிறகு அந்தக் கையில் இரண்டு விரல்கள் சரியாக மடங்கவேயில்லை.

மறுநாள் காலையில் அந்த வீட்டுக்காரர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "கண்ணு, நீ போட்ட எடத்துல என்னமோ ஆயிப்போச்சு. வந்து பாரு" என்றார். போய் ஃபியூஸ் கட்டையைத் திரும்ப மாட்டி, டெஸ்டர் வைத்தேன். சாக்கெட்டின் வலது ஓட்டையில் எரிந்தது. இடது ஓட்டையிலும் எரிந்தது. மேலே எர்த் ஓட்டையிலும் எரிந்தது.

என்ன நடந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கரண்ட் ஃபேஸில் வந்து, லைட், ஃபேன், மோட்டார் வழியாகப் போய், நியூட்ரலில் திரும்புகிறது. காற்றில் போஸ்ட்டுப் பக்கம் நியூட்ரல் விட்டுப் போனால் திரும்ப வழி அடைபடுகிறது. ஆனால் ஃபேஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது. சுவிட்ச் போட்டபடி கிடக்கும் மோட்டார் காயில் வழியாக, ட்யூப்லைட் வழியாக அது போய் வீட்டின் நியூட்ரல் ஒயர் முழுக்க 230 வோல்ட்டாக நிற்கும். எதுவும் ஓடாது, எதுவும் எரியாது. நான் போட்ட இரண்டு அங்குலத் துண்டு அந்த 230 வோல்ட்டை நேராகக் கிரைண்டரின் ஸ்டீல் உடம்பில் கொண்டுபோய் விட்டது. அந்த அம்மாவின் கையும் காலும்தான் மிச்சம் இருந்த பாதை. 100 மில்லிஆம்பியர் நெஞ்சு வழியே போனால் இதயம் தாளம் தப்பிவிடும். ஒரு 60 வாட் பல்பு இழுப்பதே 260 மில்லிஆம்பியர்.

நியூட்ரல் விட்டுப் போவது எங்கோ எப்போதோ நடக்கும் விஷயம் என்று நினைக்காதீர்கள். போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் அலுமினியம், மீட்டருக்கு உள்ளே வருவது செம்பு. இரண்டையும் வெறுமனே முறுக்கி டேப் சுற்றிவைத்த இடம் மழையில் பூத்துப்போய்த் தானாகவே விட்டுவிடும். தென்னை மட்டை விழுந்தால் அறுந்துவிடும். பழைய இரும்பு மெயின் பெட்டிகளில் நியூட்ரலுக்கும் ஒரு ஃபியூஸ் கட்டை இருக்கும். அது எரிந்தாலும் இதே கதைதான். நியூட்ரலில் ஃபியூஸ் இருக்கவே கூடாது, பார்த்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று இதைவிட மோசம். அறுந்த சர்வீஸ் ஒயரைத் திரும்பக் கட்டும்போது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டால் லைட் எரியும், ஃபேன் சுற்றும், வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. லூப் போட்ட சாக்கெட்டில் சொருகியிருக்கும் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் எல்லாவற்றின் உடம்பிலும் நேரடியாக ஃபேஸ் இருக்கும்.

இந்தத் தவறு ஏன் ஒழிய மாட்டேன் என்கிறது? போட்ட நிமிடமே பலன் தெரிகிறது. சுருக்கென்று இழுத்தது நின்றுபோகிறது. டெஸ்ட் லேம்ப் எரிகிறது. ஏசி மாட்ட வருகிறவர் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் பார்த்தால் பூஜ்யம் காட்டுகிறது, அவரும் திருப்தியாகப் போய்விடுகிறார். அந்தப் பூஜ்யத்தைத்தான் நம்பக் கூடாது. நிஜமான எர்த் உள்ள வீட்டில், மிக்ஸியோ அயர்ன் பாக்ஸோ ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டாவது காட்டும். எவ்வளவு லோடு போட்டாலும் அசையாமல் பூஜ்யமே நின்றால், மெயினை அணைத்துவிட்டு அந்த சாக்கெட்டைத் திறந்து பாருங்கள்.

பீளமேட்டுப் பையன் என்னிடம் வாதாடினான். "அமெரிக்கா வீடியோல மெயின் பேனல்லயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துத்தானுங்ணா வெச்சிருக்காங்க?" நல்ல கேள்வி. அங்கே சர்வீஸ் வீட்டுக்குள் நுழையும் ஓரிடத்தில் மட்டும் சேர்ப்பார்கள். அதைத் தாண்டினால் இரண்டும் தனித்தனி ஒயர்தான், கடைசிவரை சேராது. சாக்கெட்டுக்குப் பின்னால் துண்டு போடுவது அங்கேயும் தப்பு. அதோடு, அந்த வீடியோக்களில் கறுப்பு ஒயர் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். நம் ஊரில் கறுப்பு நியூட்ரல். அதைப் பார்த்து இங்கே கறுப்பை ஃபேஸில் கொடுத்தால், அடுத்து அந்த போர்டில் கை வைப்பவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

சரியான வழி எது? வீட்டுக்கு வெளியே குழி எடுத்து, இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்போ கெமிக்கல் எர்த் ராடோ இறக்கி, அங்கிருந்து பச்சை ஒயரை ஒவ்வொரு போர்டுக்கும் கொண்டுபோக வேண்டும். ஆனால் எர்த் போட்டதோடு வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். ஒரு கணக்குப் பாருங்கள். எர்த்தின் ரெசிஸ்டன்ஸ் 5 ஓம் என்றால் நல்ல எர்த். ஃபேஸ் உடம்பில் பட்டால் 230-ஐ 5-ஆல் வகுத்து 46 ஆம்பியர் ஓடும். 32 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) அதற்கு உடனே விழாது, சூடேறித்தான் விழும். எங்கள் பக்கம் பாறை மண்ணில் 20 ஓம் வருவதும் உண்டு. அப்போது பதினொன்றரை ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி விழவே விழாது. அதனால்தான் ஆர்சிசிபி வேண்டும். போன கரண்டும் திரும்பிய கரண்டும் 30 மில்லிஆம்பியர் வித்தியாசப்பட்டால் 0.3 விநாடிக்குள் அது விழுந்துவிடும்.

வாடகை வீடு, மாடி வீடு, எர்த் போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால்? ஆர்சிசிபி மட்டுமாவது மாட்டுங்கள். எர்த் இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும். எர்த் முனையை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். லூப் போட்டதைவிட வெறுமையாக விட்டது எவ்வளவோ மேல்.

அந்தப் பையன் வீட்டில் ஒன்றரை நாள் வேலை ஆனது. குழி வெட்டும்போது அவனும் கடப்பாரை பிடித்தான். வெயில் காலத்தில் மண் காய்ந்தால் எர்த் கெட்டுப்போகும். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

டெஸ்டர் இரண்டு பக்கமும் எரிந்தால்

நியூட்ரல் போய்விட்டது. வீட்டில் எதையும் தொடாமல் மெயினை அணையுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987, இரவிலும் எடுப்பார்கள்.

ட்ரிப் ஆகிறது என்று கழற்றிவிடுவது

"அந்த ஆர்சிசிபி நிக்கவே மாட்டேங்குதுங்க, டைரக்ட் பண்ணி விட்டுருங்க" என்று மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருவராவது கூப்பிடுகிறார்கள். அது நிற்காததற்குக் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. தண்ணீர் இறங்கிய போர்டு, காயில் கெட்ட கீசர், ஈரம் ஏறிய மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் கிடைத்துவிடும். நல்ல எர்த் உள்ள வீட்டில் யாராவது ஒரு சாக்கெட்டில் லூப் போட்டிருந்தாலும் நிற்காது. நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியே போய்விடும். எனவே முதலில் அதைத் தேடுங்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

எம்சிபி விஷயத்திலும் இதே அவசரம்தான். ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் இண்டக்ஷன் அடுப்பும் அயர்ன் பாக்ஸும் சேர்த்துப் போட்டால் 16 ஆம்பியர் விழத்தான் செய்யும். உடனே 32 வாங்கி மாட்டுகிறார்கள். எம்சிபி ஒயரைக் காப்பாற்ற வைத்தது. பெரிதாக்கினால் பைப்புக்குள் ஒயர் உருகும், எம்சிபி அசையாது. ஒரு வீட்டில் சுவர் சூடாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் ஆறிக்கொண்டிருப்பது போல இருந்தது. பவர் பிளக்குக்கு இரண்டரை, ஏசிக்கு நாலு ஸ்கொயர், அதற்கேற்ற எம்சிபி. பழைய ஃபியூஸ் கட்டையில் செம்புக் கம்பியை மடித்துச் சுற்றுவதும் இதே தவறுதான்.

நியூட்ரலில் சுவிட்ச்

சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மினுங்கிக்கொண்டிருக்கிறதா? சுவிட்ச் நியூட்ரலில் இருக்க வாய்ப்பு அதிகம். ஹோல்டரில் ஃபேஸ் அப்படியே நிற்கும். ஸ்டூல் மேல் ஏறிப் பல்பு மாற்றும்போது அடித்தால், ஷாக்கைவிட விழுவதில்தான் மண்டை உடைகிறது.

பைப்புக்குள் ஜாயின்ட்

போடாதீர்கள். ஒயர் பத்தவில்லை என்றால் புது ஒயர் இழுங்கள்.

16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியரில் சொருகும் கன்வெர்ட்டர்

கீசருக்கு இதைப் போட்டிருந்தால் இன்றே எடுங்கள்.

துணிக் கொடி

இரும்புக் கம்பியில் கட்டாதீர்கள். ஈபி போஸ்ட்டிலோ, சர்வீஸ் ஒயர் வரும் பைப்பிலோ எதையும் கட்டவே கட்டாதீர்கள். நைலான் கயிறு போதும்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை மட்டும் நம்புவது

மெயினை அணைத்த நொடியில் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும். மெயின் பெட்டி செத்துக் கிடக்கும், போர்டில் 230 வோல்ட் இருக்கும். பக்கத்து அறையில் ஃபேன் ஓடுவதைக் கவனிக்காமல் கை வைத்து அடிவாங்கிய ஆட்களை எனக்குத் தெரியும், அனுபவம் உள்ளவர்கள்தான். இன்வெர்ட்டரை அணைத்து, அதன் அவுட்புட் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் ஓரிடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு வேலை செய்யப்போகும் ஒயரில் வையுங்கள். எரியவில்லை என்றால் திருகைக் கழற்றலாம்.