பள்ளி வாரியத்தில் சேர்ந்துவிட்டீர்களா? ஊருக்குச் சொல்லி வேலை செய்யுங்கள்

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மேலாளர் வாரியத்தில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள் என்றால், பொன்னாடை போட்டுப் படம் எடுப்பதெல்லாம் பிறகு இருக்கட்டும், முதலில் பள்ளியின் சாசனத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 1996 கல்விச் சட்டத்தின் கீழ் வரும் ஆவணம் அது. அலுவலகத்தில் ‘சுராட் சாரா பெங்கெலோலான்’ என்று கேளுங்கள். அறங்காவலர், நன்கொடையாளர், முன்னாள் மாணவர், பெற்றோர், அரசு நியமிப்பவர் என வாரியத்தில் யார் யார் இருக்கலாம், பதவிக் காலம் எவ்வளவு, கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். படிக்காமல் நாற்காலியில் உட்காராதீர்கள்.

அடுத்து, எது உங்கள் வேலை என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெற்றோர் பலருக்கு எல்பிஎஸ் (மேலாளர் வாரியம்) எது, பிஐபிஜி (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) எது என்ற குழப்பம் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் நிலம், கட்டடம், நன்கொடைப் பணம் ஆகியவை வாரியத்தின் பொறுப்பு. ஆசிரியரை அனுப்புவதும் சம்பளம் கொடுப்பதும் அரசு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் 1998 விதிமுறைகளின்படி நடக்கிறது, அதில் பெற்றோரும் ஆசிரியரும் உறுப்பினர்கள், தலைமையாசிரியர் ஆலோசகர். பாடம் நடத்துவதிலும் பள்ளி நிர்வாகத்திலும் அந்தச் சங்கம் தலையிட முடியாது. ஆகவே வாரியம் ஊருக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான்: பிள்ளையின் வகுப்பில் பிரச்சினை என்றால் வகுப்பாசிரியர், அப்புறம் தலைமையாசிரியர், அதற்கும் மேலே மாவட்டக் கல்வி அலுவலகம். சுவரில் விரிசல், நிலப் பிரச்சினை, நன்கொடைக் கணக்கு என்றால் நாங்கள்.

நில விவகாரத்தைத் தள்ளிப் போடவே போடாதீர்கள். கெரான் என்னும் நிலப் பட்டா யார் பெயரில் இருக்கிறது? தோட்ட நிறுவனமா, கோயிலா, எப்போதோ இறந்துபோன அறங்காவலர்களா? பள்ளிக்கூடம் இயங்கிக்கொண்டிருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் புதுக் கட்டடத்துக்கு அனுமதி கேட்கும் அன்று அந்தத் தாள் இல்லாமல் எதுவும் நகராது. ஒரு நகலை எடுத்து, நிலைமையைப் பெற்றோருக்கு இரண்டு வரியில் எழுதிச் சொல்லிவிடுங்கள்.

சரி, எப்படிச் சொல்வது? நான் இதில்தான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒவ்வொரு கூட்டமும் முடிந்து ஒரு வாரத்துக்குள் ஒரே ஒரு பக்கம் வெளியே வர வேண்டும், அதில் என்ன முடிவெடுத்தோம், எவ்வளவு பணம், யார் பொறுப்பு, எப்போது முடியும் என்ற நான்கும் இருந்தால் போதும், தலைவர் உரையாற்றினார், செயலாளர் நன்றி கூறினார் என்பது யாருக்கும் வேண்டாம். உதாரணத்துக்கு இப்படி: ‘மண்டபக் கூரைக்கு மூன்று குத்தகையாளர்களிடம் விலை கேட்டோம். மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு இல்லை, அதனால் இரண்டாமவரை எடுத்தோம். பள்ளி விடுமுறையில் வேலை தொடங்கும். கேள்வி இருந்தால் செயலாளருக்கு எழுதுங்கள்.’ ஏன் குறைந்த விலைக்காரரை விட்டோம் என்ற அந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டால், யாரோ ஒருவர் தன் மச்சானுக்கு வேலை கொடுத்துவிட்டார் என்ற பேச்சு சனிக்கிழமைச் சந்தை வரைக்கும் போய்விடும். உறவினர் உண்மையிலேயே விலை கொடுத்திருந்தால், அந்த உறுப்பினர் அதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கூட்டத்திலிருந்து எழுந்து போக வேண்டும், போனார் என்பது கூட்டக் குறிப்பிலும் ஏற வேண்டும்.

அந்தப் பக்கத்தைத் தமிழிலும் மலாயிலும் போடுங்கள். மலாய் வழியில் நடக்கும் தேசியப் பள்ளியில் படித்த இளம் பெற்றோர் பலர் தமிழில் நன்றாகப் பேசுவார்கள், படிக்கச் சிரமப்படுவார்கள். பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பாட்டிக்குத் தமிழ் எழுத்துதான் வசதி. புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புவதோடு நிறுத்தாமல், பெரிய எழுத்தில் அச்சடித்து வாசற்கதவுப் பக்கம் ஒட்டுங்கள், வேன் ஓட்டுநர்களும் தாத்தா பாட்டிகளும் காத்து நிற்பது அங்கேதான். கூடவே ஒரு நிமிடக் குரல்பதிவும் அனுப்பலாம். புலனக் குழுவில் வாரியம் மட்டும் பதிவிடட்டும், கேள்விகள் ஒரு தனி எண்ணுக்கு வரட்டும். பதிலை மட்டும் எல்லோருக்கும் போடுங்கள். இல்லையென்றால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே உங்கள் அறிவிப்பு காணாமல் போகும்.

பினாங்கில் கூட்ட நேரத்தையும் யோசித்து வையுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972 முதல் இருக்கிறது, நம் பெற்றோரில் எத்தனையோ பேர் அங்கே ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். வார நாள் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு ‘யாருமே வரவில்லை’ என்று குறைபடுவது நியாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை பரவாயில்லை. தைப்பூசம் நெருங்கும் வாரத்தில் வேண்டவே வேண்டாம், ஊரே தண்ணீர்மலை முருகன் கோயிலில் இருக்கும்.

பணம். பள்ளி வாரியத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு கையொப்பம், ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் ரசீது. நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு என்று சொல்வதற்கு முன், வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள், இல்லாமல் சொன்னால் கொடுத்தவர்தான் மாட்டிக்கொள்வார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு, செலவு, இருப்பு மூன்றையும் அதே வாசலில் ஒட்டுங்கள்.

சொல்லக்கூடாதவையும் உண்டு. உதவித்தொகை பெறும் பிள்ளைகளின் பெயர், ஒழுங்கு நடவடிக்கை, அடையாள அட்டை எண், வீட்டுச் சூழல். ‘எத்தனை பேருக்கு உதவினோம்’ என்ற எண்ணிக்கை போதும், மேடையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துப் போட வேண்டாம், அந்தப் பிள்ளை மறுநாளும் அதே வகுப்புக்குத்தான் போக வேண்டும்.

மாணவர் எண்ணிக்கை 150க்குக் கீழே போன பள்ளிகளில் இடமாற்றப் பேச்சு சீக்கிரம் கிளம்பும். அப்போது கல்வி இலாகாவுக்குக் கடிதம் போவதற்கு முன்பே பெற்றோரையும் முன்னாள் மாணவரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். புது இடம் எங்கே, பேருந்து உண்டா, பழைய நிலம் என்னவாகும் என்பதற்கு அங்கேயே பதில் சொல்லுங்கள். இன்னும் பதில் கிடைக்கவில்லையென்றால் எந்தத் தேதிக்குள் சொல்வோம் என்றாவது சொல்லுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கூட்டம் போட்டால் அது வெறும் அறிவிப்புதான்.

பதவி முடியும்போது ஒரு கோப்பு தயாரித்து அடுத்தவரிடம் கையில் கொடுங்கள். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய மாநிலம் இது, ஆனால் எத்தனை பள்ளிகளில் இருபது ஆண்டுக்கு முந்தைய கூட்டக் குறிப்பு பத்திரமாக இருக்கிறது? சாசனம், கெரான் நகல், கூட்டக் குறிப்புகள், வங்கி அறிக்கை, குத்தகை ஒப்பந்தங்கள், புலனக் குழுவின் நிர்வாகப் பொறுப்பு, இவை எல்லாவற்றையும் பட்டியலிட்டு, கொடுத்தவர் வாங்கியவர் இருவரும் கையெழுத்துப் போட்டு, அந்தப் பட்டியலின் நகல் ஒன்றைத் தலைமையாசிரியரிடமும் விட்டுச் செல்லுங்கள்.